சேர்வரைக் குறை சொல்லாதேங்கோ

"பிள்ளையள், அந்தப் பக்கத்தைத் திறந்துவிட்டுப் போய் ஒரு பிளேன்ரீ ஊத்திக்கொண்டு வாறன். அப்பவும் சுத்திக்கொண்டுதான் நிக்குது."

எங்கட ஊர் வாசிகசாலையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா இதைக் கோபத்தோடு சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னா. மேசையில் ஒரு சீ.ஆர். கொப்பி விரித்தபடி கிடந்தது. நாங்கள் செய்து கொடுத்த இரவல் பதிவுச் செயலியை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அவ பழையபடி கொப்பியில் எழுதத் தொடங்கி இரண்டு மாதமாம். எங்களுக்குச் சொல்லச் சங்கடப்பட்டிருக்கிறா.

உடனே நாங்கள் சொன்ன பதில், "சேர்வர் காணாது அக்கா, கொஞ்சம் பெரிசு எடுக்க வேணும்." இதைச் சொன்னதற்காக இப்போது வெட்கப்படுகிறோம். மாதச் சந்தாவிலும் வெளிநாட்டில் இருக்கிற நாலைந்து பேரின் உதவியிலும் ஓடுகிற வாசிகசாலை அது. 2022 இல் ரூபாய் விழுந்த பிறகு டொலரில் கட்டுகிற எந்தச் செலவும் அவர்களுக்குச் சின்னச் செலவில்லை. எங்கட கோட்டைத் திறந்துகூடப் பார்க்காமல் அவர்களின் காசைச் செலவழிக்கச் சொல்லியிருக்கிறோம்.

பிறகுதான் திறந்து பார்த்தோம். செயலி லாரவெலில் எழுதியது, தரவுத்தளம் மைஎஸ்கியூஎல். அக்கா திறக்கிற பக்கம் 'திரும்பி வராத புத்தகங்கள்'. அதில் ஏறத்தாழ 400 வரிகள். (எங்கட சனம் புத்தகத்தை எடுத்தால் எடுத்ததுதான், அது வேறு கட்டுரை.) அந்தப் பக்கம் முதலில் ஒரு வினவலில் 400 இரவல் பதிவுகளையும் எடுக்கிறது. பிறகு ஒவ்வொரு பதிவுக்கும் யார் எடுத்தது என்று ஒரு வினவல், எந்தப் புத்தகம் என்று இன்னொரு வினவல். மொத்தம் 801. தரவுத்தளம் வேறொரு இயந்திரத்தில் இருக்கிறது. ஒரு வினவல் போய்வர 15 மில்லிசெக்கன் என்று வையுங்கோ, 12 செக்கன் போக்குவரத்துக்கே போய்விடும். பத்துச் சாமானுக்கு அம்மா பிள்ளையைச் சந்திக்கடைக்குப் பத்துத் தரம் அனுப்பினமாதிரி. கடைக்காரரில் ஒரு பிழையுமில்லை. சாமான் பட்டியலை ஒரு தாளில் எழுதிக் கொடுக்காததுதான் பிழை.

இதற்கு 'என் பிளஸ் வன்' பிரச்சினை என்று பெயர். லாரவெல், ஜாங்கோ போன்ற பிரேம்வேர்க்குகள் தரவுத்தளத்தை எங்கட கண்ணில் இருந்து மறைத்து வைப்பதால் வருகிற வருத்தம் இது. 'இரவலின் புத்தகத்தின் தலைப்பு' என்று எழுதும்போது அது வெறும் பெயர் மாதிரித் தெரிகிறது, பின்னால் ஒரு வினவல் ஓடுவது தெரியாது. லாரவெலில் 'வித்' என்று ஒரு சொல்லைச் சேர்த்து உறுப்பினரையும் புத்தகத்தையும் முன்கூட்டியே கேட்டுவிட்டால் 801 வினவல் மூன்றாகிவிடும். ஜாங்கோவில் 'செலக்ட் ரிலேட்டட்', 'பிரீஃபெச் ரிலேட்டட்' இதே வேலையைச் செய்யும். மாற்றம் ஒரு வரிதான். அந்த வரி தேவை என்று கண்டுபிடிக்க எங்களுக்கு ஒரு வருடம் எடுத்தது, ஏனென்றால் வினவல் பதிவை நாங்கள் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை.

எங்கட லப்டொப்பில் செய்து பார்த்தபோது பத்துப் புத்தகம், மூன்று உறுப்பினர். தரவுத்தளமும் அதே லப்டொப்பில். பத்து வரியில் எந்த மோசமான வினவலும் பறக்கும். யூடியூப் பாடங்கள் எல்லாம் பத்து வரியிலேயே முடிந்துவிடுகின்றன. உயர்தரத்துக்கு ஐ.சி.டி. படித்தவர்கள் மூன்றாம் நியமவடிவம் வரை பரீட்சைக்கு எழுதிவிட்டு வந்திருக்கிறோம். ஆனால் பத்தாயிரம் வரியை நிரப்பி ஒரு வினவலை ஓடவிட்டுப் பார் என்று எங்களிடம் ஒருத்தரும் சொன்னதில்லை. நாங்களாகச் செய்ததும் இல்லை.

இன்டெக்ஸ் கதையும் இப்படித்தான். பன்னிரண்டாயிரம் புத்தகத்தில் ஒன்றைத் தேட முதலாவதிலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டலாம். ஒழுங்காக அடுக்கியிருந்தால் பாதி பாதியாக ஒதுக்கிக்கொண்டு 14 தடவைக்குள் பிடித்துவிடலாம். தரவுத்தளங்கள் இதற்கு வைத்திருக்கிற பீ-ட்ரீ என்ற அமைப்பு 1970களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. எங்கட இரவல் அட்டவணையில் உறுப்பினர் புலத்துக்கு இன்டெக்ஸே இல்லை. ஃபொறின் கீ போட்டால் மைஎஸ்கியூஎல்லின் இன்னோடீபி தானாகவே இன்டெக்ஸ் போடும். நாங்கள் வெறும் எண் புலத்தை வைத்துவிட்டு ஃபொறின் கீயை 'பிறகு பார்ப்பம்' என்று விட்டிருந்தோம். அதனால் அழித்துவிட்ட உறுப்பினர்களின் பெயரில் புத்தகங்கள் இன்னும் இரவலில் நிற்கின்றன. வினவலுக்கு முன்னால் 'எக்ஸ்பிளெயின்' என்று போட்டுப் பார்த்தபோது 'டைப்' என்ற இடத்தில் 'ஆல்' என்று வந்தது. முழு அட்டவணையையும் புரட்டுகிறேன் என்று அர்த்தம். ஒரு சொல்லில் உண்மை தெரிந்துவிட்டது.

உறுப்பினர் இலக்கத்துக்கு இன்டெக்ஸ் இருந்தும் அது வேலை செய்யவில்லை. சில இலக்கங்கள் சைபரில் தொடங்குவதால் அந்தப் புலத்தை எழுத்தாக வைத்திருந்தோம். கோட் அதை எண்ணாக அனுப்பியது. எழுத்துப் புலத்தை எண்ணோடு ஒப்பிடச் சொன்னால் மைஎஸ்கியூஎல் ஒவ்வொரு வரியையும் எண்ணாக மாற்றிப் பார்க்கும், இன்டெக்ஸைத் தொடாது. போதாக்குறைக்கு 045 ஐத் தேடினால் 45 உம் சேர்ந்து வரும். எண்ணைப்போல் தெரிகிற எல்லாம் எண் இல்லை. தொலைபேசி இலக்கத்தை எண்ணாக வைத்தால் முன் சைபர் போய்விடும். தேசிய அடையாள அட்டை இலக்கம் பழையது ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், 2016 இலிருந்து பன்னிரண்டு இலக்கம். ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம் என்பதால் அதைப் பிரதான சாவியாக வைப்பதும் புத்தியில்லை.

இதெல்லாம் நேரத்தைத் தின்கிற பிழைகள். அடுத்தது புத்தகத்தையே காணாமல் ஆக்கிய பிழை. ஒரு தங்கச்சி எஸ்.பொ.வின் நாவல் கேட்டு வந்திருக்கிறா. தேடிப் பார்த்தால் 'இல்லை'. அக்காவும் இல்லையென்று சொல்லி அனுப்பிவிட்டா. அலுமாரியில் நான்கு புத்தகங்கள் இருந்தன. பட்டியலும் பெயர்களும் பழைய பாமினி எழுத்துருவில் தட்டிய எக்செல் கோப்பிலிருந்து மாற்றி எடுத்தவை. 'பொ' என்பதை யுனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். பகரத்தோடு 'ொ' என்ற ஒற்றைக் குறியைச் சேர்க்கலாம், அல்லது ஒற்றைக்கொம்பையும் அரவையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். பைட்டுக்குப் பைட் ஒப்பிடுகிற தரவுத்தளத்துக்கு இரண்டும் வேறு. எங்கட தலைப்புப் புலம் அப்படி ஒப்பிடுகிற 'பின்' கொலேஷனில் இருந்தது. 'கோ', 'மௌ' எல்லாவற்றுக்கும் இதே கதி. சேமிக்கும்போதும் தேடும்போதும் எழுத்தை என்.எஃப்.சி. என்கிற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது. தமிழில் செயலி செய்கிறவர்கள் முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது. ஆங்கிலப் பாடங்களில் இது வராது, அவர்களுக்கு 'பொ' இல்லை.

இனிக் கோட் எழுதுகிற விதம். எங்களில் சிலருக்கு இது வினவலைவிடப் பெரிய பிரச்சினையாகப் படுகிறது. தண்டப்பணம் கணக்கிடும் பகுதியை எழுதிய நண்பன் இப்போது வெளிநாட்டில். இங்கே எந்த அணியை எடுத்தாலும் பாதிப்பேர் எப்போது வெளிக்கிடுவார்கள் என்று தெரியாது. அந்தப் பகுதி 300 வரியில் ஒரே ஃபங்ஷன். மாறிகளின் பெயர் ஏ, ஏ2, டெம்ப், புதுடெம்ப். நடுவில் 14 என்று ஒரு எண், 2 என்று ஒரு எண். அதற்குக் கீழே காரணம் எழுதாத பன்னிரண்டு திகதிகள். அவனுக்கு வாட்ஸ்அப்பில் அடித்துக் கேட்டோம், அவனுக்கும் ஞாபகமில்லை. கடைசியில் நாட்காட்டியைப் பார்த்து அக்காதான் கண்டுபிடித்தா: "இது போயா நாளெல்லோ." வாசிகசாலை பூட்டுகிற நாள்களுக்குத் தண்டம் இல்லை என்பதற்காக 2021 ஆம் ஆண்டின் போயா தினங்களைக் கோட்டுக்குள்ளேயே எழுதிவைத்திருக்கிறான். அடுத்த வருடம் தொடக்கம் அதை ஒருத்தரும் மாற்றவில்லை. போயாவுக்கும் சேர்த்துப் பிள்ளைகளிடம் தண்டம் வாங்கியிருக்கிறோம். நாளுக்கு இரண்டு ரூபாய்தான், ஆனால் அது பிழையான காசு.

அந்தத் திகதிகளுக்கு 'பூட்டிய நாள்கள்' என்று பெயர் வைத்து ஒரு அட்டவணையில் போட்டிருந்தால் அக்காவே ஒவ்வொரு வருடமும் நிரப்பியிருப்பா. நல்ல கோட் நடை என்று நாங்கள் சொல்வது இதைத்தான். இடைவெளி இரண்டா நான்கா என்ற சண்டைக்கு ஃபோர்மற்றர் இருக்கிறது, பிஎச்பிக்கு பிஎஸ்ஆர்-12 இருக்கிறது, அதைப் போட்டுவிட்டு வாயை மூடலாம். 'இரவல்' என்று பெயர் வைப்பதா 'லோன்' என்று வைப்பதா என்று நாங்களும் ஒரு பின்னேரம் முழுக்கச் சண்டை பிடித்தோம். ஏதோ ஒன்று, ஆனால் எல்லா இடத்திலும் அதே ஒன்று.

தலைப்பில் ஒற்றை மேற்கோள்குறி உள்ள ஒரு ஆங்கிலப் புத்தகத்தைப் பதிந்தபோது பக்கம் உடைந்ததையும் சொல்ல வேணும். பயனர் தட்டியதை அப்படியே வினவலோடு ஒட்டியிருந்தோம். மேற்கோள்குறி ஒன்றால் உடைகிற வினவலை, தெரிந்த ஒருத்தன் விரும்பிய பக்கம் வளைக்கலாம், உறுப்பினர்களின் முகவரி, தொலைபேசி உட்பட. பெறுமதிகளைத் தனியாக அனுப்புகிற வழி எல்லா மொழியிலும் இருக்கிறது. இதில் 'அவசரம், பிறகு செய்வம்' என்ற சாட்டை நாங்கள் இனி ஏற்கப்போவதில்லை.

"முதலில் வேலை செய்யட்டும், முன்கூட்டிய மெருகூட்டல் கூடாது என்று டொனால்ட் கனூத்தே சொல்லியிருக்கிறார்" என்பார்கள். 1974 ஆம் ஆண்டுக் கட்டுரையில் அவர் அதைச் சொன்னது உண்மை. அதே இடத்தில், உண்மையில் நேரம் போகிற அந்தச் சிறு பகுதியை விட்டுவிடக்கூடாது என்றும், அதை அளந்து கண்டுபிடிக்க வேணும் என்றும் சொல்கிறார். மற்றப் பாதியை ஒருத்தரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை. இன்னொரு கூட்டம் உடனே 'ரெடிஸ் கேஷ் போடு' என்கிறது. 801 வினவலுக்கு மேல் கேஷ் போடுவது ஒழுகுகிற கூரைக்குக் கீழே வாளி வைக்கிற வேலை. சட்ஜிபிடியிடம் கேட்டு ஒட்டுகிறவர்களும் எங்களிடையே இருக்கிறார்கள், நாங்களும் ஒட்டுகிறோம். ஆனால் உங்கட அட்டவணையில் இன்டெக்ஸ் இல்லையென்று நீங்கள் சொல்லாமல் அதற்கு எப்படித் தெரியும்? எக்ஸ்பிளெயினை நீங்கள்தான் ஓட்ட வேணும்.

எல்லாப் புலத்துக்கும் இன்டெக்ஸ் போடச் சொல்லவில்லை, ஒவ்வொன்றும் பதிகிற நேரத்தைக் கூட்டும். ஒரு தடவை ஓடுகிற அறிக்கை மெதுவாக ஓடினால் ஓடட்டும். அக்கா ஒரு நாளைக்கு முப்பது தரம் திறக்கிற பக்கம் எது என்று அவவிடம் கேட்டுவிட்டு அங்கே தொடங்குங்கோ.

அந்தப் பக்கம் இப்போது ஒரு செக்கனுக்குள் வருகிறது. சேர்வர் அதே சேர்வர்தான். தண்டப்பண ஃபங்ஷனை இன்னும் பிரித்து முடிக்கவில்லை, அழித்த உறுப்பினர்களின் பெயரில் நிற்கிற புத்தகங்களை என்ன செய்வது என்று அக்காவோடு இருந்து பார்க்க வேணும். அவ கொப்பியை இன்னும் மூடவில்லை. இரண்டிலும் எழுதுகிறா. "ஒரு மாதம் பாப்பம்" என்று சொல்லியிருக்கிறா.