காட்டுமுன் கற்க

கடல் கடந்து வந்த நண்பரைக் காரில் அழைத்துச் சென்று ஊர் காட்டுவோர் பலர், எத்தனை இடங்களைக் காட்டினோம் என்று எண்ணியே மகிழ்வர். ஒரே நாளில் பத்துக் கோயில்களைக் காட்டுவது காட்சியன்று, வெறும் ஓட்டமே.

தஞ்சைப் பெரிய கோயிலை இராசராச சோழன் 1010-ஆம் ஆண்டில் கட்டி முடித்தான் என்பதை விருந்தினர் நூல்களிலேயே படித்திருப்பர். கோயிற் சுவரில் உள்ள எழுத்துக்களைச் சுட்டி, "இவை கூறுவது யாது?" என்று அவர் வினவும்போதுதான் அழைத்துச் சென்றவர் விழிப்பார். மன்னன் தன் கொடைகளை மட்டுமின்றி, தமக்கையும் தேவியரும் பிறரும் அளித்த கொடைகளையும் அங்கே பொறிக்கச் செய்தான். நானூறு ஆடல் மகளிரின் பெயர்களும் அக்கல்லில் வாழ்கின்றன. இதனை அறிந்து சொல்வாரானால், கல்லும் விருந்தினரோடு பேசும்.

வழிகாட்டிகள் உள்ளனரே எனச் சிலர் கூறலாம். கூலிக்குச் சொல்லும் சொல் வேறு. ஊரில் பிறந்தவர் அன்போடு சொல்லும் சொல் வேறு.

கும்பகோணம் செல்லும் வழியில் சுவாமிமலை உள்ளது. மெழுகில் உருவம் வனைந்து, காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வடித்து, அவ்விடத்தில் உலோகக் குழம்பை வார்க்கும் சிற்பியர் இன்றும் அங்கு வாழ்கின்றனர். அவர்தம் பட்டறையில் ஒரு மணி நேரம் அமர்ந்திருத்தல், விரைந்து காணும் பல காட்சிகளினும் மேலானது.

விருந்தினர் தம் நாடு திரும்பி நம் நாட்டைப் பற்றிப் பேசுவர். அவர் கேட்டதே அவர் வாயில் வரும். ஆதலின், ஊரைக் காட்ட விரும்புவோர் முதலில் அதனைத் தாம் கற்றல் வேண்டும்.