தூண்டிலுக்கும் அனுமதிப்பத்திரம் வேண்டுமா?



மருதமுனையிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவரது மகனுக்குப் பதினைந்து வயது. அஸர் தொழுதுவிட்டுத் தூண்டிலையும் வாளியையும் எடுத்துக்கொண்டு கரைக்குப் போவான். மஃரிபுக்கு முன் நாலைந்து மீனோடு வீடு திரும்புவான். வாப்பா இல்லாத வீட்டில் அந்த நாலைந்து மீன் ஒரு நேரக் கறி. சென்ற மாதம் கரையில் ஒருவர் அவனை மறித்து, "பெர்மிட் இல்லாமல் தூண்டில் போடக் கூடாது, ஐந்நூறு ரூபா தந்தால் நான் எழுதித் தருகிறேன்" என்றாராம். பையன் பயந்து தூண்டிலை வீட்டு முகட்டில் செருகிவிட்டான். "சட்டம் அப்படியா சொல்கிறது? ஹராமான காரியத்தையா என் பிள்ளை செய்தான்?" என்று அந்தத் தாய் கேட்கிறார்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். கடல் நம் வீட்டு வாசலில் கிடந்தும் அதன் சட்டத்தை நம்மில் பலர் ஒரு முறைகூடப் படித்ததில்லை.

நமது நாட்டில் மீன்பிடியை ஆளுவது 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம். 1940ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் இடத்துக்கு வந்தது இது. இதன் 6ஆம் பிரிவு, ஒழுங்குவிதிகளில் குறித்துரைக்கப்பட்ட மீன்பிடித் தொழில்களை அனுமதிப்பத்திரம் இன்றிச் செய்யக் கூடாது என்கிறது. "குறித்துரைக்கப்பட்ட" என்ற சொல்லைக் கவனியுங்கள். தண்ணீரில் கை வைக்கும் ஒவ்வொருவருக்கும் பத்திரம் வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. எந்தெந்தத் தொழிலுக்கு வேண்டும் என்பது வர்த்தமானியில் வெளியாகும் ஒழுங்குவிதிகளில் வரும். அந்த விதிகளின் நோக்கம் இயந்திரப் படகு, பெருவலை, கரைவலை, சங்கு, கடலட்டை என்று பிழைப்பாகவும் பெருமளவாகவும் நடக்கும் தொழில்கள். கரையில் நின்று ஒற்றைத் தூண்டில் போடுபவருக்கென்று தனிப் பத்திரம் கொடுக்கும் வழக்கம் நம் நாட்டில் இல்லை. கல்முனைக் கரையில் நம் மூத்தாப்பாமார் காலந்தொட்டு எவரும் அதைக் கேட்டதும் இல்லை, கொடுத்ததும் இல்லை.

ஆகவே அந்த ஐந்நூறு ரூபாவுக்கு வருவோம். அனுமதிப்பத்திரம் என்பது கடற்றொழில் திணைக்களத்தின் பணிப்பாளர் நாயகத்தின் அதிகாரத்தில் வழங்கப்படுவது. அதன் மாவட்டக் காரியாலயம் கல்முனையிலேயே இருக்கிறது. பணம் கட்டினால் அங்கே பற்றுச்சீட்டு உண்டு. மணலில் நின்று, கையில் காசை வாங்கி, கடதாசித் துண்டில் எழுதிக் கொடுக்கும் பெர்மிட் ஒன்று இலங்கையில் கிடையாது. அப்படி யாரும் கேட்டால் பெயரையும் பதவியையும் கேளுங்கள், அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுங்கள். உண்மையான பரிசோதகர் கோபிக்க மாட்டார். விதிகள் வர்த்தமானி மூலம் மாறக்கூடியவை என்பதால் வருடத்துக்கொரு தடவை அந்தக் காரியாலயத்தில் விசாரித்துக்கொள்வதும் நல்லது. கேட்பதற்குக் காசு இல்லை.

இதைப் படித்துவிட்டு, தூண்டில்காரனுக்குச் சட்டமே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். பத்திரம் வேண்டாம் என்பது வேறு, கட்டுப்பாடு இல்லை என்பது வேறு.

வெடியும் நஞ்சும் எல்லோருக்கும் தடை. படகுக்காரருக்கும் சரி, பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் சரி. ஆமையைத் தொடக் கூடாது. தூண்டிலில் தவறி மாட்டினால் தங்கூசியை அறுத்து, முள்ளைக் கழற்றி விட்டுவிட வேண்டும். கற்களுக்கிடையில் சிங்க இறால் அகப்பட்டால் வயிற்றைத் திருப்பிப் பாருங்கள். முட்டை சுமந்திருந்தால் அதை எடுக்கக் கூடாது. பெப்ரவரி, செப்டம்பர், ஒக்டோபர் ஆகிய மூன்று மாதங்களிலும் முட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் சிங்க இறால் பிடிக்கத் தடை உண்டு.

தங்கூசி பற்றியும் ஒரு குழப்பம் உலாவுகிறது. 2006இல் தடை செய்யப்பட்டது தங்கூசி வலை. தூண்டிலில் கட்டும் தங்கூசி நூல் அல்ல. ஆனால் அறுந்த நூலைச் சுருட்டி மணலில் எறிந்துவிட்டு வருகிறோமே, அது சட்டப் புத்தகத்தில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தவறுதான். அது உக்காது. காகத்தின் காலிலும் ஆமையின் கழுத்திலும் இறுகுவது அதுதான்.

இனி இடம். மீனுக்கு அனுமதி வேண்டாம் என்றாலும் நிற்கும் இடத்துக்கு அனுமதி வேண்டியிருக்கலாம். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பகுதிகளில் இயற்கைத் துறைமுகம் இல்லை. படகுகளை மணலில் ஏற்றித்தான் வைக்கிறோம். ஆதலால் இறங்குதுறையில் நின்று தூண்டில் போடும் ஆசை வந்தால் இளைஞர்கள் ஒலுவிலுக்குப் போகிறார்கள். 2013இல் திறக்கப்பட்ட அந்தத் துறைமுகத்தின் வாயை மண் மூடியதும், வடக்கே கரையைக் கடல் அரித்துத் தென்னந்தோப்புகளைக் கொண்டுபோனதும் வேறொரு மாதத்துக்கான பெரிய கதை. இங்கே சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: துறைமுக வளவு பொதுக் கடற்கரை அல்ல. உள்ளே போகலாமா, அலைதடுப்புக் கல்லில் ஏறலாமா என்பதை அதன் நிர்வாகம் தீர்மானிக்கும். காவலாளி "இறங்கு" என்றால் இறங்க வேண்டும். வாடைக் காலத்தில், அதாவது நவம்பரிலிருந்து ஜனவரி வரை, காவலாளி இல்லாவிட்டாலும் அந்தக் கற்களில் ஏற வேண்டாம். பாசி பிடித்த கல்லில் சறுக்கினால் அலை திருப்பித் தராது.

கரைவலை இழுக்கும் பாட்டிலும் அப்படியே. கம்பா கரைக்கு வரும் நேரத்தில் குறுக்கே தூண்டிலை எறிவது, முப்பது நாற்பது பேரின் ஒரு நாள் கூலிக்குள் முள்ளை எறிவதாகும். ஒதுங்கி நில்லுங்கள். மடி ஏறியதும் கைப்பிடி கீரி மீன் தந்து அனுப்பும் ஆட்கள் அவர்கள்.

வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. "ஊரில் போட்டோம், இங்கும் போடலாம்" என்று அவர்கள் எண்ணிவிடக் கூடாது. அபூதாபியில் பொழுதுபோக்காக மீன் பிடிக்கவும் அங்குள்ள சுற்றாடல் முகவரகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் கடலானாலும் ஆறானாலும் கட்டணம் கட்டியே தூண்டில் போடலாம், பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்கு விலக்கு உண்டு. இங்கிலாந்தில் ஆற்றுக்கும் குளத்துக்கும் பத்திரம் வேண்டும், கடலுக்கு வேண்டாம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பொது இறங்குதுறையில் நின்றால் பத்திரம் தேவையில்லை. பக்கத்து மணலில் இறங்கி நின்றால் பதினாறு வயது நிரம்பியவருக்குத் தேவை! ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கணக்கு. வாழும் நாட்டின் சட்டத்தைப் பேணுவதும் செய்த உடன்படிக்கையைப் பேணுவதில் அடங்கும் என்றே உலமாக்கள் சொல்கிறார்கள்.

தாயின் இரண்டாவது கேள்வி ஹராமா என்பது. சகோதரியே, கலங்காதீர்கள். இஹ்ராம் கட்டியவருக்குக் கரையில் வேட்டையாடுவதைத் தடுத்த இறைவன், கடல் வேட்டையை அந்த நிலையிலும் ஆகுமாக்கியிருக்கிறான். ஸூரா அல்மாயிதாவின் 96ஆம் வசனத்தைப் பாருங்கள்.

ஆனால் அதே குர்ஆனில் மீன் பிடித்ததற்காகவே பிடிக்கப்பட்ட ஓர் ஊராரின் வரலாறும் இருக்கிறது. ஸூரா அல்அஃராப், 163ஆம் வசனம் முதல் வருகிறது. கடலோரத்து ஊர். சனிக்கிழமை மீன் பிடிக்கக் கூடாது என்பது கட்டளை. அந்த நாளில்தான் மீன்கள் நீர் மட்டத்துக்கு வந்து துள்ளும். மற்ற நாளில் வராது. அவர்கள் வெள்ளிக்கிழமையே வலையை விரித்து வைத்து ஞாயிற்றுக்கிழமை எடுத்தார்கள் என்று முபஸ்ஸிரீன்கள் விளக்குகிறார்கள். "சனிக்கிழமை நாங்கள் தண்ணீரில் கை வைத்தோமா?" என்பது அவர்கள் வாதம். மூடிய மாதத்தில் சிங்க இறாலைப் பிடித்துக் கூட்டில் போட்டு வைத்து, மாதம் திறந்ததும் விற்பவர் இதை ஒரு முறை ஓதிப் பார்க்கட்டும். முட்டைச் சினையைச் சுரண்டி எறிந்துவிட்டு "இதோ, முட்டையில்லாத இறால்" என்பவரும் ஓதட்டும்.

வீட்டிலிருக்கும் பெண்களுக்கும் இதில் பங்குண்டு. வெடி போட்டுப் பிடித்த மீன் என்று தெரிந்துகொண்டு அதை வாங்குவதும் விற்பதும் ஏற்றிச் செல்வதும்கூட இந்தச் சட்டத்தில் குற்றம். ஒரு வெடியில் பெரிய மீனோடு குஞ்சும் சினையும் மீன் ஒதுங்கும் பாரும் சேர்ந்து அழிகின்றன. சாகும் மீனில் பெரும்பகுதி அடியில் தாழ்ந்துபோகும், வெடிகாரன் கைக்கே வராது. பையனின் தூண்டிலுக்கு மீன் வராமல் போவதும் இப்படித்தான்.

கடிதத்தின் ஓரத்தில் அந்தத் தாய் சின்னதாக இன்னொன்றும் கேட்டிருந்தார். வாளியில் தானாகச் செத்த மீனைத் தின்னலாமா, அறுக்க வேண்டுமா? அறுக்க வேண்டியதில்லை, தாராளமாகத் தின்னலாம். நாம் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் செத்து மிதக்கும் மீனும், கெட்டுப்போய்த் தீங்கு தராத வரை, ஹலால்தான். ஆனால் மிதந்து வந்ததாகச் சொல்லி மலிவாகக் கூவி விற்கும் மீனை மட்டும் வயிற்றைக் கீறிப் பாருங்கள். உள்ளே இரத்தம் கட்டியிருந்தால், காற்றுப்பை கிழிந்திருந்தால், நடு முள் சதையை விட்டுக் கழன்றோ முறிந்தோ இருந்தால் அது வெடி மீன். அந்த வியாபாரியிடம் மறுநாள் வாங்காதீர்கள்.

மகனிடம் சொல்லுங்கள், முகட்டில் செருகிய தூண்டிலை எடுக்கட்டும்.

வஸ்ஸலாம்.