எழுபது ரூபாய் ரேடியோ

கோவை அவிநாசி சாலையில் 2025 அக்டோபரில் திறந்த பத்து கிலோமீட்டர் மேம்பாலத்துக்கு ஜி.டி. நாயுடு பெயரை வைத்தார்கள். மறுநாள் காலை எங்கள் ஓய்வூதியர் கூட்டத்தில் நடைப்பயிற்சி முடிந்ததும் அதே பேச்சுதான். ஒருவர் அவருடைய மின்சார சவரக் கருவியைச் சொன்னார். இன்னொருவர் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் அவர் ஓட்டிய பஸ்ஸைச் சொன்னார். ரேடியோவை மட்டும் யாரும் சொல்லவில்லை. எனக்கோ அவர் முதலில் ரேடியோக்காரர்தான். அதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும்.

நான் காரைக்காலில் பிரெஞ்சில் படித்தவன் என்பது இங்கே வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும். எங்கள் தெருவில் ஒரே ஒரு வீட்டில்தான் ரேடியோ இருந்தது. பெரியவர்கள் அதை பிரெஞ்சு வழக்கப்படி 'தே.எஸ்.எஃப்.' என்பார்கள். பூவேலை செய்த துணி போர்த்தி, எங்கள் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்திருப்பார்கள். குமிழைத் திருகும் உரிமை வீட்டுக்காரருக்கு மட்டும். நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து, சன்னல் வழியாக வருவதைக் கேட்டுக்கொள்வோம். பாட்டு பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் அவர் வைத்ததுதான். சொந்த வீட்டில், நமக்கு வேண்டியதை, நம் கையால் திருகிக் கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது திண்ணையில் உட்கார்ந்தவனுக்குத்தான் தெரியும்.

அதனால்தான் 1941-ஆம் ஆண்டுச் செய்தி ஒன்று எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஐந்து வால்வு ரேடியோவை எழுபது ரூபாய்க்கு இங்கேயே செய்து தர முடியும் என்று அந்த ஆண்டில் நாயுடு அறிவித்தார். ஐந்து வால்வு என்றால் விளையாட்டுப் பொருள் இல்லை. பொதுவாக அந்த மாதிரிப் பெட்டியில், ஒரு வால்வு வேண்டிய நிலையத்தின் அலையைப் பிடித்து மாற்றும். அடுத்தது அதைப் பெருக்கும். மூன்றாவது அதிலிருந்து ஒலியைப் பிரித்தெடுக்கும். நான்காவது ஒலிபெருக்கியைப் பேசவைக்கும். ஐந்தாவது வீட்டு மின்சாரத்தை இவற்றுக்கு ஏற்றபடி மாற்றித் தரும். குடும்பமே உட்கார்ந்து கேட்கக்கூடிய முழு ரேடியோ அது. பள்ளிப் படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு நின்றுபோன, சூலூர் பக்கத்துக் கலங்கல் கிராமத்துக்காரர் அதற்கு எழுபது ரூபாய் என்று விலை சொன்னார்.

ஜெர்மனியிலும் 1933-இல் மலிவு ரேடியோ வந்தது. விலை 76 மார்க். அதை ஊக்கி விற்கவைத்தது அரசாங்கம், தன் குரலை வீட்டுக்கு வீடு கொண்டுபோக. இங்கே ஒரு தனி மனிதர் அந்தக் கணக்கைப் போட்டார். ஆனாலும் நம் கிராமத்து வீடுகளுக்கு ரேடியோ பரவலாக வந்தது டிரான்சிஸ்டர் காலத்தில்தான். 1952-இல் அவர் இரண்டாயிரம் ரூபாயில் இரண்டு பேர் போகும் காரைச் செய்து காட்டினார். அதற்கு அரசாங்கம் உரிமம் தரவில்லை.

உரிமம் தராத நாற்காலிகளைத் திட்டுவது எளிது. நானும் திட்டியிருக்கிறேன். பிறகுதான் என் நாற்காலி நினைவுக்கு வந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்து நாலைந்து வருடம் இருக்கும். ஆலங்குடிப் பக்கத்திலிருந்து ஒரு ரேடியோ மெக்கானிக் சிறுதொழில் கடனுக்கு மனு கொடுத்தார். எட்டாவது வரை படித்தவர். வீட்டிலேயே ரேடியோ செய்து கடைகளுக்குப் போட வேண்டும் என்று ஆசை. தொழில்நுட்பச் சான்றிதழ் இணைக்கவில்லை என்று திருப்பி அனுப்பினேன். அடுத்த முறை ஒரு துணிப்பையோடு வந்தார். உள்ளேயிருந்து ஒரு பிளைவுட் பெட்டியை எடுத்து என் மேசையில் வைத்துத் திருகினார். திருச்சி நிலையம் கணீரென்று பேசியது. பக்கத்துப் பிரிவிலிருந்தெல்லாம் எழுந்து வந்து பார்த்தார்கள்.

"இதுதாங்க சார் என் சர்டிபிகேட்டு" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்துவிட்டு, அன்று மாலையே 'சான்றிதழ் இணைக்கப்படவில்லை' என்று மறுபடியும் எழுதினேன். அவர் அதற்குப் பிறகு வரவில்லை. சில வருடம் கழித்து ஒரு திருவிழாவில் யாருடைய மைக் செட்டுக்கோ கூலிக்கு ஒயர் இழுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தாரா என்று தெரியாது. நான் வேறு பக்கம் நடந்துவிட்டேன்.

விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பொய்க் கணக்குக் காட்டிக் கடன் வாங்கி ஓடியவர்களையும் பார்த்தவன் நான். ஆனால் குறிப்பில் இன்னும் ஒரு வரி எழுத எனக்கு எந்த விதியும் தடையாக இல்லை. 'மனுதாரர் தாம் செய்த வானொலியை நேரில் இயக்கிக் காட்டினார்' என்று எழுதியிருக்கலாம். முடிவு அதிகாரியுடையது. கண்டதை எழுதுவது என் வேலை. அதைத்தான் நான் செய்யவில்லை.

நாயுடு 1974 ஜனவரி 4-ஆம் தேதி மறைந்தார். பத்து நாள் கழித்து, ஜனவரி 14-இல் நம் புதுக்கோட்டை மாவட்டம் பிறந்தது. இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இருந்தாலும் அந்தத் தேதிகளைச் சேர்த்துப் பார்க்கும்போது மனசு என்னவோ செய்கிறது. அவரைப் போன்ற கை உள்ள ஒருவர் இந்த மாவட்டத்திலும் இருந்தார், என் மேசை வரை வந்தார்.

பாலத்துக்குப் பெயர் வைத்தது நல்லதுதான். அதோடு, சான்றிதழ் இல்லாமல் கையில் பொருளோடு வருகிறவரை உட்காரச் சொல்லி, அது ஓடுகிறதா என்று பார்த்து, பார்த்ததை எழுதிவைக்கும் குமாஸ்தாக்களும் வேண்டும். இப்போது பணியில் இருக்கும் தம்பி தங்கைகள் யாராவது இதைப் படித்தால், அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.