பூட்டை எங்கே போடுவது?

என் கம்ப்யூட்டரில் ஒரு சின்ன பைல் இருக்கிறது. நோட்பேடில் திறந்தால் பதினைந்து வரிகூட வராது. ஒவ்வொரு வரியிலும் ஓர் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, அங்கே பறக்க வேண்டிய உயரம் எல்லாம் எண்களாக இருக்கும். பாகூரில் நண்பர் ஒருவரின் நெல் வயலை நான் அசெம்பிள் செய்த ட்ரோன் தானாகவே சுற்றி வர வேண்டும் என்பதற்காக, மிஷன் பிளானர் என்ற புரோகிராமில் மவுஸால் கிளிக் செய்து உருவாக்கிய பாதை அது. ட்ரோனில் இருக்கும் குட்டி போர்டில் ஓடும் சாப்ட்வேரின் பெயர் ஆர்டுபைலட். இரண்டுமே ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் இன்டர்நெட்டிலிருந்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

அந்த எண்களை மாற்றினால் நெல் வயல் வேறு எந்த இடமாகவும் ஆகிவிடும். புரோகிராமுக்கு வித்தியாசம் தெரியாது.

இது எனக்கு உறைத்தது 2025 ஜூன் மாதத்தில்தான். ஜூன் 1-ம் தேதி ரஷ்யாவின் விமானப்படைத் தளங்களை உக்ரைன் திடீரென்று தாக்கியது. 117 ட்ரோன்களைப் பயன்படுத்தியதாக அதிபர் ஜெலன்ஸ்கி சொன்னார். லாரிகளில் ஏற்றிய மரக் கூண்டுகளின் கூரைக்குள் ட்ரோன்களை ஒளித்து, தளங்களுக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் நிறுத்தி, கூரையைத் தொலைவிலிருந்து திறந்துவிட்டார்கள். தாக்கப்பட்ட தளங்களில் ஒன்றான பெலயா, உக்ரைனிலிருந்து 4,000 கிலோமீட்டருக்கும் அப்பால் சைபீரியாவில் இருக்கிறது. 41 விமானங்களைத் தாக்கினோம் என்றது உக்ரைன். அமெரிக்க அதிகாரிகளின் கணக்கு ஏறக்குறைய அதில் பாதி. பாதி என்றாலும், அவற்றில் பல இன்று தயாரிப்பிலேயே இல்லாத பெரிய குண்டுவீச்சு விமானங்கள்.

அந்த ட்ரோன்களில் ஆர்டுபைலட் இருந்ததாகச் செய்தி வந்தது. பாகூர் வயலைச் சுற்றிய அதே சாப்ட்வேர்! பெருமைப்படுவதா, பயப்படுவதா என்று அன்று எனக்குத் தெரியவில்லை.

நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. 2021 ஜூன் 27-ம் தேதி அதிகாலை, ஜம்மு விமானப்படைத் தளத்தில் சில நிமிட இடைவெளியில் இரண்டு குண்டுகள் வெடித்தன. ஒன்று கட்டடத்தின் கூரையைச் சேதப்படுத்தியது. மற்றொன்று வெட்டவெளியில் விழுந்தது. இரண்டு வீரர்களுக்கு லேசான காயம். நம் ராணுவத் தளம் ஒன்றின் மீது நடந்த முதல் ட்ரோன் தாக்குதல் அதுதான். சேதம் குறைவு என்பதால் நம்மில் பலர் மறந்தே போனோம்.

ஒரு பழைய சம்பவத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 2007 அக்டோபரில் விடுதலைப் புலிகள் அநுராதபுரம் விமானப்படைத் தளத்தைத் தாக்கியபோது, தரையில் சென்ற படை போக, வானிலிருந்து குண்டு போட இலகு ரக விமானங்கள் தேவைப்பட்டன. விமானம் என்றால் ஓடுதளம் வேண்டும், பயிற்சி பெற்ற பைலட் வேண்டும். ஜம்முவில் இவை எதுவும் தேவைப்படவில்லை.

ஜம்மு சம்பவத்துக்குப் பிறகு உடனே என்ன செய்தார்கள்? ஸ்ரீநகர், ரஜௌரி போன்ற மாவட்டங்களில் ட்ரோன் வைத்திருக்கவும் பறக்கவிடவும் தடை போட்டார்கள். கல்யாண வீடியோ எடுப்பவர் ட்ரோனைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்திருப்பார். குண்டு போட்டவன் ஒப்படைத்திருப்பானா?

மத்திய அரசு 2021 ஆகஸ்டில் கொண்டுவந்த ட்ரோன் விதிகள் அதைவிட நிதானமானவை. படிவங்களையும் கட்டணங்களையும் குறைத்தார்கள். நல்ல விஷயம். ஆனால் அதிலும், அனுமதி இல்லாவிட்டால் கிளம்பவே முடியாதபடி ட்ரோனுக்குள் சாப்ட்வேர் பூட்டு வைக்கச் சொல்லப் பின்னால் அரசுக்கு அதிகாரம் உண்டு என்று ஒரு விதி இருக்கிறது. என் ஆட்சேபம் இதில்தான்.

சாப்ட்வேர் எழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தப் பூட்டு நேர்மையானவனை மட்டும்தான் தடுக்கும். சோர்ஸ் கோட் கையில் இருக்கிறது. பூட்டுக்கான வரிகளை நீக்கிவிட்டு மறுபடி கம்பைல் செய்ய ஒரு மாலை நேரம் போதும். முழு ட்ரோன் இறக்குமதிக்கு 2022 பிப்ரவரியில் தடை வந்தது. உதிரி பாகங்களுக்குத் தடை இல்லை. மோட்டார், போர்டு, பேட்டரி வாங்கி வீட்டிலேயே பொருத்துபவனை எந்தக் கம்பெனியின் பூட்டு தடுக்கும்? தடை செய்த பகுதிகளில் ட்ரோன் கிளம்பாதபடி பல வருடம் பூட்டு வைத்திருந்த சீனாவின் டிஜேஐ நிறுவனமே 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அதை எடுத்துவிட்டு, வெறும் எச்சரிக்கையாக மாற்றிவிட்டது.

அப்படியானால் பூட்டு எங்கே வேண்டும்? விமானத் தளத்தில்! அங்கேயும் அது சுலபமில்லை. சிறிய ட்ரோன் தாழ்வாக, மெதுவாகப் பறக்கும். ரேடாருக்கு அது பறவை மாதிரி. ரேடியோ சிக்னலைக் குழப்பும் ஜாமர் வைக்கலாம். ஆனால் ரஷ்யாவில் உக்ரைன் பயன்படுத்தியது அந்த நாட்டின் மொபைல் நெட்வொர்க்கையே. அதைக் குழப்பினால் சுற்றியுள்ள ஊருக்கே செல்போன் கிடைக்காது. நம் தளங்கள் பலவும் ஊர்களை ஒட்டியே இருக்கின்றன. மெல்லிய பைபர் கேபிளை இழுத்துக்கொண்டே பறக்கும் ட்ரோன்களும் வந்துவிட்டன. அவற்றை ஜாமர் எதுவும் செய்யாது. எல்லாவற்றையும் சுட்டு வீழ்த்தலாம் என்றால், 2025 மே 8 இரவு மட்டும் பாகிஸ்தான் 36 இடங்களை நோக்கி 300 முதல் 400 ட்ரோன்கள் அனுப்பியதாக நம் அரசு சொன்னது. ஒவ்வொன்றுக்கும் விலை உயர்ந்த ஏவுகணை விட்டால் கட்டுப்படியாகுமா?

அதனால் எனக்கு அதிக நம்பிக்கை தருவது ஹைடெக் சமாச்சாரம் அல்ல. கூரையும் வலையும்தான். பிரான்சின் பிரிட்டானி மீனவர்கள் கழித்துப்போட்ட வலைகள் உக்ரைனுக்குப் போயின. அங்கே சாலைகளுக்கு மேல் பந்தல் போல் அவற்றைக் கட்டி ட்ரோன்களிடமிருந்து வாகனங்களைக் காக்கிறார்கள். கோடிக்கணக்கில் விலையுள்ள விமானத்தை வெட்டவெளியில் நிறுத்திவிட்டு, பாகூரில் பறக்கும் என் ட்ரோனுக்குப் பூட்டுப் போடுவதில் என்ன பயன்?

என்னிடமும் கேள்வி கேட்கலாம். இலவசமாகக் கொடுத்துவிட்டு, யார் என்ன செய்தாலும் பொறுப்பில்லை என்று சொல்வது சரியா? ஆர்டுபைலட்டின் லைசென்ஸ் ஜிபிஎல். எந்த வேலைக்கும் பயன்படுத்தலாம் என்பதுதான் அதன் அடிப்படை. நாம் லினக்ஸை விரும்புவதும் இதே காரணத்துக்காகத்தான். இதற்கு முழுத் திருப்தியான பதில் என்னிடம் இல்லை. ஆனால் மூடி வைத்தால் ராணுவங்களும் கடத்தல்காரர்களும் தங்களுக்கு வேண்டியதை எழுதிக்கொள்வார்கள். வயலுக்கு மருந்து தெளிப்பவரும் காலேஜ் மாணவரும்தான் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார்கள்.

பதிவு செய்யுங்கள், அடையாள எண் கொடுங்கள் என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. வண்டிக்கு நம்பர் பிளேட் போல அதுவும் இருக்கட்டும். பறக்கும் இடத்துக்கான விதியும் நியாயமானதே. கடற்கரைச் சாலை லாஸ்பேட்டை விமான நிலையத்திலிருந்து 8 கிலோமீட்டருக்குள் வருகிறது. அனுமதி இல்லாமல் அங்கே பறக்கவிடக் கூடாது என்பதால்தான் பாகூர் வரை போகிறேன். பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் பையில் என்ன என்று கேட்டால் "பழைய மிக்சி" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இனி ட்ரோன் என்றே சொல்லப்போகிறேன்.