கதவடைத்துப் போட்ட தடை! அடி வாங்கியது யார்?



ஒரு நாட்டின் கடல் வாணிபம் முழுவதையும் ஒரே சட்டத்தால் நிறுத்துவதற்கு மக்கள் பிரதிநிதிகள் எத்தனை நாள் யோசிக்க வேண்டும்? ஜனநாயகத்தின் காவலன் என்று தன்னைத்தானே மெச்சிக் கொள்ளும் அமெரிக்கா நான்கே நாட்கள்தான் யோசித்தது. அதன் மேல்சபையான செனட்டுக்கோ ஒரே நாள் போதுமானதாக இருந்தது!

1807 டிசம்பர் 18ஆம் தேதி அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் காங்கிரசுக்கு ஒரு சிறு செய்தியையும் சில தாள்களையும் அனுப்பினார். அமெரிக்கக் கப்பல்கள் வெளிநாட்டுக்குப் புறப்படக் கூடாது என்று தடை விதியுங்கள் என்பதே அதன் சாரம். செனட் தன் சொந்த நடைமுறை விதிகளையே ஒதுக்கி வைத்துவிட்டு, அன்றே 22க்கு 6 என்ற வாக்குகளில் மசோதாவை நிறைவேற்றியது. பிரதிநிதிகள் சபை பார்வையாளர்களை வெளியேற்றி, கதவை அடைத்துக் கொண்டு பேசியது. 21ஆம் தேதி 82க்கு 44 என்ற கணக்கில் அங்கும் நிறைவேறியது. மறுநாள் ஜெஃபர்சன் கையெழுத்திட்டார். இந்தத் தடை எப்போது முடியும் என்று சட்டத்தில் ஒரு தேதிகூட இல்லை!

'துப்பாக்கி தூக்காமல் எதிரியைப் பணிய வைக்கும் உயர்ந்த முயற்சி அது. கடத்தல்காரர்களின் பேராசையால் தோற்றுப் போனது' என்று இன்றும் சிலர் சப்பைக்கட்டு கட்டுகிறார்கள். உண்மை என்ன? அந்தச் சட்டம் எல்லையில் தோற்பதற்கு முன்பே, கேள்வி கேட்க வேண்டிய அவையில் தோற்றுவிட்டது.

குறை நியாயமானதே!

அமெரிக்காவுக்கு இழைக்கப்பட்ட அநீதியை யாரும் மறுக்க முடியாது. பிரிட்டனும் நெப்போலியனின் பிரான்சும் மோதிக் கொண்டிருந்த காலம் அது. இரு தரப்பும் அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்தன. பிரிட்டிஷ் கடற்படை ஆயிரக்கணக்கான மாலுமிகளை அமெரிக்கக் கப்பல்களிலிருந்து இழுத்துச் சென்று தன் போர்க் கப்பல்களில் வேலை வாங்கியது. 1807 ஜூன் 22 அன்று வர்ஜீனியா கரைக்கு அப்பால் 'லெப்பர்ட்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல், 'செசபீக்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலைச் சுட்டது. மூவர் அங்கேயே மாண்டனர். நான்கு மாலுமிகள் பிடித்துச் செல்லப்பட்டனர். நாடே கொதித்தது.

அநீதி நடந்தது உண்மை. அதற்குப் பரிகாரம் தேட வேண்டும் என்பதும் உண்மை. ஆனால் மூட்டைப்பூச்சிக்காக வீட்டைக் கொளுத்தலாமா? இந்தக் கேள்வியை அவையில் கேட்டிருக்க வேண்டாமா?

யோசிக்க வேண்டாமாம்!

கேட்க முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில் என்ன? 'அதிபர் தன் பொறுப்பில் பரிந்துரைத்திருக்கிறார். நான் ஆராய மாட்டேன், ஆலோசிக்க மாட்டேன், செயல்படுவேன்' என்று மாசசூசெட்ஸ் செனட்டர் ஜான் குயின்சி ஆடம்ஸ் பேசினாராம். அதே மாநிலத்தின் இன்னொரு செனட்டர் திமோத்தி பிக்கரிங் வெளியிட்ட செய்தி இது. ஆலோசிப்பதற்காகவே அனுப்பப்பட்டவர் ஆலோசிக்க மாட்டேன் என்றால் அவை எதற்கு? தபால் பெட்டி போதாதா? 1808ல் ஆடம்சின் மாநில சட்டமன்றம், அவர் பதவிக்காலம் முடிவதற்கு முன்பே வேறொருவரை அந்த இடத்துக்குத் தேர்ந்தெடுத்தது. அவர் ராஜினாமா செய்தார்.

பிரதிநிதிகள் சபையிலோ நியூயார்க் உறுப்பினர் பேரண்ட் கார்டினியர், இந்தத் தடையின் உண்மையான நோக்கம் என்ன, பின்னால் இருந்து இயக்கும் கை எது என்று 1808 பிப்ரவரியில் கேட்டார். நெப்போலியனுக்கு அரசு ஒத்து ஊதுகிறது என்பது அவர் குற்றச்சாட்டு. அதற்கு ஆதாரம் அவரிடம் இல்லைதான். ஆனால் ஆதாரம் கேட்டா அவரை மடக்கினார்கள்? வசைமாரி பொழிந்தார்கள். முடிவில் டென்னசி உறுப்பினர் ஜார்ஜ் கேம்பலுடன் துப்பாக்கிச் சண்டை! மார்ச் 2 அன்று பிளாடென்ஸ்பர்க் திடலில் கார்டினியர் குண்டடிபட்டு வீழ்ந்தார். உயிர் தப்பியதே பெரிது. கேள்விக்குப் பதில் குண்டா?

ஜெஃபர்சனின் சொந்த நிதியமைச்சர் ஆல்பர்ட் கல்லட்டின் முதல் நாளிலேயே எச்சரித்திருந்தார். அரசு போடும் தடைகள் எப்போதும் கணக்கிட்டதைவிட அதிகத் தீங்கையே செய்யும் என்றும், தடை போட்டே ஆக வேண்டுமென்றால் காலவரம்புடன் போடலாம் என்றும் கடிதம் எழுதினார். அவர் சொல் அம்பலம் ஏறவில்லை.

ஒரு ஓட்டையை அடைத்தால் இன்னொன்று!

விளைவு என்ன? 1808 ஜனவரியில் துணைச் சட்டம். மார்ச்சில் இன்னொன்று, இப்போது தரைவழி ஏற்றுமதிக்கும் தடை! ஏப்ரலில் மற்றொன்று. கனடா எல்லையில் சாம்ப்ளெயின் ஏரிப் பகுதி விவசாயிகள் தங்கள் மரத்தையும் சாம்பல் உப்பையும் வழக்கம்போல் வடக்கே கொண்டு சென்றார்கள். அதைக் கலகம் என்று அறிவித்தார் அதிபர். மாவு பற்றாக்குறையான மாநிலங்களில் ஆளுநர் சான்று கொடுத்தால்தான் மாவு மூட்டை வரலாம் என்ற நிலை வந்தது!

சட்டம் கொடுக்காத அதிகாரத்தையும் அரசு எடுத்துக் கொண்டது. சந்தேகம் எழாவிட்டாலும் சில சரக்குக் கப்பல்களை நிறுத்தி வைக்கும்படி துறைமுக அதிகாரிகளுக்குச் சுற்றறிக்கை போனது. அது சட்டத்தை மீறியது என்று 1808 மே மாதம் சார்ல்ஸ்டன் துறைமுக வழக்கில் தீர்ப்பு வந்தது. தீர்ப்பளித்த வில்லியம் ஜான்சன் யார் தெரியுமா? ஜெஃபர்சனே உச்சநீதிமன்றத்துக்கு நியமித்த நீதிபதி!

பெரிய மீனும் சின்ன மீனும்

1807ல் ஏறத்தாழ 108 மில்லியன் டாலராக இருந்த ஏற்றுமதி, 1808ல் 22 மில்லியனாகச் சரிந்தது. துறைமுகங்களில் கப்பல்கள் பாய்மரம் கழற்றிக் கிடந்தன. மாலுமியும், கயிறு திரிப்பவனும், கப்பல் தச்சனும், மூட்டை தூக்குபவனும் கஞ்சிக்கு வழியின்றி நின்றார்கள்.

ஆனால் பெரிய மீன்கள்? சீனாவின் பெரிய மனிதர் ஒருவர் தாய்நாடு திரும்ப வேண்டும் என்று கோரிக்கை வந்தது. அதிபர் மனமிரங்கி 1808ல் ஒரு கப்பலுக்கு அனுமதி தந்தார். அந்த 'பீவர்' கப்பல் நியூயார்க்கின் பெரும் வணிகர் ஜான் ஜேக்கப் ஆஸ்டருடையது. அவர் அழைத்து வந்த சீனர் உண்மையில் பெரிய மனிதர்தானா என்று போட்டி வணிகர்கள் கூச்சலிட்டார்கள். கப்பலோ காண்டன் போய்ச் சரக்கோடு வந்து சேர்ந்தது. ஏழை மீனவனின் படகுக்குப் பிணைத் தொகை. கோடீஸ்வரனின் கப்பலுக்குச் சிறப்பு அனுமதி!

எதிரி பணிந்தானா? பிரிட்டனில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் துன்புற்றார்கள், அமைச்சர்கள் அசையவில்லை. நெப்போலியனோ 1808 ஏப்ரலில் பயோன் ஆணை பிறப்பித்தார். 'அமெரிக்கக் கப்பல் வெளியே வரக் கூடாது என்பது அவர்கள் சட்டம். ஆகவே என் துறைமுகத்துக்கு வரும் அமெரிக்கக் கொடியெல்லாம் பிரிட்டிஷ் வேஷம்' என்று சொல்லிக் கப்பல்களைப் பறித்தார். அமெரிக்காவின் தடையே அவருக்குச் சாக்காகிவிட்டது!

அன்று மன்னனுக்குச் சொன்னது என்ன?

வாசகர்களே! 1776ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனத்தை எழுதியவர் இதே ஜெஃபர்சன். உலகின் மற்ற பகுதிகளோடு எங்கள் வாணிபத்தைத் துண்டித்தாய் என்பது அதில் பிரிட்டிஷ் மன்னர் மீது சுமத்தப்பட்ட குற்றங்களில் ஒன்று. சுங்க அதிகாரிகள் நினைத்த இடத்தில் சோதனை போடும் ஆணைகளை எதிர்த்துத்தான் பாஸ்டன் மக்கள் முதலில் கிளர்ந்தார்கள்.

அதே நாட்டின் காங்கிரஸ் 1809 ஜனவரியில் அமலாக்கச் சட்டம் கொண்டு வந்தது. வெளிநாட்டுப் பக்கம் போவது போலத் தோன்றினாலே வண்டியில் உள்ள சரக்கைச் சுங்க அதிகாரி பறிக்கலாம். கப்பலில் சரக்கேற்ற, கப்பல் மற்றும் சரக்கின் மதிப்பைப் போல ஆறு மடங்குப் பிணை! தேவைப்பட்டால் ராணுவம்! மன்னன் செய்தால் கொடுங்கோன்மை, நாங்கள் செய்தால் தேசபக்தியா?

எதிர்த்துக் குரல் கொடுத்த ஃபெடரலிஸ்டுகள் மட்டும் உத்தமர்களா? 1798ல் அரசை விமர்சித்த பத்திரிகையாளர்களைச் சிறையில் தள்ளிய தேசத்துரோகச் சட்டம் அவர்கள் ஆட்சியில் வந்ததுதான். அன்று அதை எதிர்த்து மறைவில் தீர்மானம் எழுதித் தந்தவர் ஜெஃபர்சன்! நாற்காலியில் இருக்கும்போது ஒரு பேச்சு, இறங்கிய பின் ஒரு பேச்சு. இரு தரப்புக்கும் சுதந்திரம் எதிர்க்கட்சி வரிசையில் மட்டுமே நினைவுக்கு வந்தது.

ஏன் முடிவுக்கு வந்தது?

கனெக்டிகட் ஆளுநர் ஒத்துழைக்க மறுத்தார். மாசசூசெட்ஸ் சட்டமன்றம் அமலாக்கச் சட்டம் யாரையும் கட்டுப்படுத்தாது என்று தீர்மானம் போட்டது. ஜோசப் ஸ்டோரி போன்ற ஜெஃபர்சனின் சொந்தக் கட்சிக்காரர்களே ரத்து கோரினார்கள். 1809 மார்ச் 1 அன்று, பதவி விலக மூன்று நாள் இருக்கையில், தடையை நீக்கும் சட்டத்தில் ஜெஃபர்சன் கையெழுத்திட்டார். நான்கு நாளில் போட்டதை எடுக்க 14 மாதங்களுக்கு மேல் ஆயிற்று! அப்படியும் 1812ல் போர் வந்தது. பாடம் படித்தார்களா? 1813 டிசம்பரில் மீண்டும் ஒரு தடை. 1814 ஏப்ரலில் மீண்டும் ரத்து!

இங்கேதான் நாம் சிந்திக்க வேண்டும். அடிபட்ட கப்பல் முதலாளிக்கு ஓட்டு இருந்தது, பத்திரிகை இருந்தது, அவையில் ஆள் இருந்தது. ஆகவே 15 மாதத்துக்குள் கதவு திறந்தது. மாசசூசெட்சில் சொத்து இல்லாத மாலுமிக்கு ஓட்டுகூட இல்லை. முதலாளியின் நிழலில்தான் அவனுக்கும் விடிவு வந்தது.

தன் மக்கள் 15 மாதம்கூடத் தாங்காத அதே ஆயுதத்தை அமெரிக்கா பின்னர் யார் மீது ஏவியது? 1962 முதல் கியூபா மீது! 1990ல் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் வழியாக இராக் மீது. அது 2003 வரை நீடித்தது! பாக்தாதில் மருந்துக்கு வரிசையில் நின்ற தாய்க்கு அந்த மன்றத்தில் ஓட்டு உண்டா? வாஷிங்டனில் அவளுக்காகப் பேச உறுப்பினர் உண்டா? அதனால்தான் அந்தத் தடைக்கு 13 ஆண்டுகள்!

தடையை விதிப்பவன் பசித்திருப்பதில்லை. பசித்திருப்பவனைக் கேட்டு எவனும் தடை விதிப்பதும் இல்லை. ஆகவே, அவசரம் என்று சொல்லி எந்த அரசு எந்தச் சட்டத்தைக் கொண்டு வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: ஆதாரம் எங்கே? முடியும் தேதி எது? சுமக்கப் போவது யார்? இவற்றுக்குப் பதில் சொல்லாமல் கதவை அடைப்பவர்கள் எதிரியிடமிருந்து ரகசியத்தைக் காக்கவில்லை, உங்களிடமிருந்து மறைக்கிறார்கள்!