வேனில் எத்தனை பேர் ஏறலாம்?

எங்க ஊர் விருத்தாசலத்துக்கு வந்தீங்கன்னா, செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்க. சூளையிலிருந்து இறக்கிய பொம்மைகளைப் பெட்டியில் அடுக்கிக்கிட்டு இருப்பாங்க. ஒவ்வொண்ணுக்கும் காகிதம் சுத்தி, நடுவுல வைக்கோல் திணிச்சு, ஒண்ணோட ஒண்ணு உரசாதபடி பார்த்துப் பார்த்து வைப்பாங்க. லாரி எவ்வளவு குலுங்கினாலும் பிள்ளையாரோட தும்பிக்கை நுனி உடையக்கூடாதே!

அதே ரோட்டில், அந்த லாரிக்குப் பின்னாலேயே ஒரு குடும்ப வேன் போகும். உள்ளே 12 பேர். மடியில் ரெண்டு, காலடியில் ஒண்ணு, பின்னாடி மூட்டைக்கு மேல ஒண்ணு. பொம்மைக்குக் கிடைச்ச வைக்கோல்கூட நம்ம பிள்ளைங்களுக்கு இல்லை.

குறை சொல்றேன்னு நினைக்காதீங்க. அப்படிப் போனவங்கள்ல நானும் ஒருத்திதான்.

வேன் என்றாலே நம்ம தலைமுறைக்கு 'ஆம்னி'தான். 1984-ல் மாருதி வேன் என்ற பெயரில் வந்தது. 1988-ல் ஆம்னி ஆனது. 796 சி.சி. இன்ஜின், இழுத்து மூடும் கதவு, டப்பா மாதிரி உருவம். சினிமாக்காரங்க அதை ஆள் கடத்துற வண்டியாக்கிட்டாங்க. ஆனா நடுத்தரக் குடும்பங்களுக்கு அது கல்யாண வண்டி, கோயில் வண்டி, ஆஸ்பத்திரி வண்டி... எல்லாமே! பின்சீட்டை மடக்கினா படுக்கை. புதுச்சேரி ஜிப்மருக்குப் பாட்டியைப் படுக்க வைத்துக் கூட்டிக்கிட்டுப் போன வீடுகள் எங்க ஊரில் எத்தனையோ உண்டு.

எங்க வீட்டுக்கும் ஒரு பழைய வேன் வந்தது. மாமனாருக்கு மாசாமாசம் செக்கப், ரெண்டு பிள்ளைங்க, ஊரெல்லாம் சொந்தம். வண்டி வந்த அன்னிக்கே கொளஞ்சியப்பர் கோயிலில் பூஜை போட்டோம். அதுக்கப்புறம் எங்க தெருவில் யார் வீட்டு விசேஷம்னாலும் 'உங்க வேன் இருக்குல்ல'ன்னு ஒரு குரல் வரும். பெருமையாத்தான் இருந்தது.

2011 தைப்பூசம். வடலூர் ஜோதி பார்த்துட்டு ராத்திரி திரும்பிக்கிட்டு இருந்தோம். பெரியவங்க 7, சின்னவங்க 5. மந்தாரக்குப்பம் தாண்டினதும் முன்னாடி ஒரு கரும்பு டிராக்டர். பின்விளக்கு இல்லை. கடைசி நேரத்தில் பார்த்துட்டு என் வீட்டுக்காரர் பிரேக்கை ஒரே மிதி. வண்டி நின்னுடுச்சு. இடிக்கலை. ஆனா என் மடியில் தூங்கிக்கிட்டு இருந்த நாத்தனார் மகள், அப்ப 6 வயசு, என் கையிலிருந்து பறந்து முன்சீட்டுக் கம்பியில் போய் மோதினா. நெத்தியில் 4 தையல்.

இன்னொரு வண்டி மேல மோதவே இல்லை, வெறும் பிரேக்குதான் என்பதை கவனிங்க.

'கெட்டியாப் பிடிச்சுக்கிட்டுத்தானே இருந்தேன்'னு ஒரு வாரம் அழுதேன். பிறகுதான் ஒரு டாக்டர் கணக்குப் போட்டுக் காட்டினார். 50 கிலோமீட்டர் வேகத்தில் போற வண்டி மோதி நின்றால், உள்ளே கட்டில்லாமல் இருப்பவருக்கு அது ஏறக்குறைய மூன்றாவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமம். அந்தக் கணத்தில் குழந்தை தன் எடையைப் போல் 20, 30 மடங்கு கனக்கும். 15 கிலோ குழந்தை 300 கிலோவுக்கு மேல! எந்தத் தாயின் கையால் பிடிக்க முடியும்? போதாக்குறைக்கு, பின்னாலிருக்கும் நம்ம உடம்பே அந்தக் குழந்தையை நசுக்கும். மடி பத்திரமான இடம்னு நாம நம்புறோம். வீட்டில் அது உண்மை, வண்டியில் அது உண்மை இல்லை.

'பின்சீட்டுக்கு எதுக்கு பெல்ட்?' என்கிறவங்க 2022 செப்டம்பரை நினைச்சுப் பார்க்கணும். தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி போனது விலையுயர்ந்த வெளிநாட்டுக் கார். பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த அவரும் இன்னொருவரும் இறந்தாங்க. முன்சீட்டில் இருந்த ரெண்டு பேர் காயத்தோடு பிழைச்சாங்க. அந்த வண்டிக்கே அப்படின்னா, இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருக்க, மூக்கே இல்லாத வேனுக்கு என்ன சொல்றது? மோதலைத் தாங்கிக்க முன்னாடி இடமே இல்லையே! ஆம்னிக்குத் துணையா 2010-ல் வந்த ஈகோ, ஏர்பேக் இல்லாத மாடலாக 2016-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனைக்குப் போய், பெரியவர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரம்கூட வாங்கலை. புதுப் பாதுகாப்பு விதிகள் வந்த 2019-ல் ஆம்னி தயாரிப்பு நின்னே போச்சு. ஆனா ரோட்டில் ஓடுறது நிற்கலை. அதனால் பழைய வேன் வெச்சிருக்கிறவங்களுக்குத்தான் கவனம் கூடுதலா வேணும்.

சட்டமும் தெளிவாத்தான் இருக்கு. 2019-ல் திருத்தின மோட்டார் வாகனச் சட்டப்படி, 14 வயதுக்குட்பட்ட குழந்தைக்கு பெல்ட்டோ, குழந்தைக்கான தனி இருக்கையோ இல்லாமல் வண்டி ஓட்டினா 1,000 ரூபாய் அபராதம். ஆனா நான் அபராதத்துக்காகச் சொல்லலை. 4 தையலோட போனது எங்க அதிர்ஷ்டம்.

என் கருத்து ஒண்ணுதான். வேனில் எத்தனை பேர் ஏறலாம்னு இடத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. பெல்ட்டை எண்ணுங்க. 7 பெல்ட்டுன்னா 7 பேர். எட்டாவது ஆள் பச்சைக் குழந்தையா இருந்தாலும் எட்டாவது ஆள்தான். பழைய வண்டியில் பின்சீட்டு பெல்ட் சீட்டுக்கடியில் சிக்கிக் கிடக்கும், தோண்டி எடுங்க. இல்லவே இல்லைன்னா நல்ல மெக்கானிக்கிட்ட சொல்லி முறையா மாட்டுங்க.

வண்டியைப் பத்தி இன்னும் சில விஷயமும் சொல்லணும்.

வீட்டு சமையல் சிலிண்டரை வேனில் மாட்டி ஓட்டுற பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கு. அது சட்டவிரோதம், அதோட உயிருக்கு உலை. இந்த வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். ஒரு பொறி போதும். காஸ் வேணும்னா அனுமதி பெற்ற கிட் மட்டும்தான்.

அடுத்தது வெயில். எங்க ஊர் சித்திரை வெயில் எப்படின்னு கேட்கணுமா? மூடி நிறுத்தின வண்டிக்குள் 10 நிமிடத்தில் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறும். குழந்தை உடம்பு பெரியவங்களைவிட 3 முதல் 5 மடங்கு வேகமா சூடாகும். கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி வெச்சாலும் பெரிய வித்தியாசம் இல்லை. 'மருந்து வாங்கிட்டு ரெண்டு நிமிஷத்தில் வந்துடறேன்'னு தூங்குற பிள்ளையை உள்ளே விட்டுட்டுப் போகாதீங்க.

பிள்ளைங்க வாந்தி எடுக்குதா? அது வயிற்றுக் கோளாறு இல்லை. வண்டி அசையுதுன்னு உள்காது சொல்லுது, அசையலைன்னு கண் சொல்லுது. அந்தக் குழப்பம்தான். புத்தகம், செல்போன் வேண்டாம். தூரத்தில் பார்க்கச் சொல்லுங்க. ஜன்னல் காற்று படட்டும். கிளம்பும் முன் வயிறு முட்ட வேண்டாம், ரெண்டு இட்லி போதும். மாத்திரை தருவதானால் டாக்டரைக் கேட்டுத்தான்.

இதெல்லாம் சுலபம். கஷ்டமானது வேறே... 'இடமில்லை'ன்னு சொந்தக்காரங்ககிட்ட சொல்றது!

போன வருஷம் ஒரு காதுகுத்துக்குக் கிளம்பும்போது, கடைசி நிமிஷத்தில் ஒரு அத்தை பேரனோட வந்து நின்னாங்க. "சின்னப் பையன்தானே, மடியில உட்கார வெச்சுக்கறேன்"னாங்க. என் வீட்டுக்காரர் தயங்கினார். நான் இறங்கி, "அத்தை, நீங்களும் தம்பியும் உட்காருங்க. நானும் இவரோட தம்பியும் பஸ்ஸில வர்றோம்"னேன். அத்தை முகம் சுருங்கிப் போச்சு. பணத்திமிர்னுகூட நினைச்சிருப்பாங்க. அப்ப என் நாத்தனார் மகள், இப்ப காலேஜ் முடிச்சவ, ஒண்ணும் பேசாம நெத்தி முடியை ஒதுக்கித் தழும்பைக் காட்டினா. அத்தை மறுபேச்சுப் பேசலை. அந்தப் பையனுக்கு பெல்ட்டை அவளே மாட்டிவிட்டா.

உபசாரம் நம்ம குணம். வந்தவங்களை ஏத்திக்காம போறது மனசுக்குச் சங்கடம்தான். ஆனா ரெண்டு நடை அடிக்கலாம், பஸ்ஸில் போகலாம், ஒரு மணி நேரம் தாமதமாப் போகலாம். முகம் சுருங்கினது நாலு நாளில் சரியாகிடும்.

அடுத்த தடவை வேன் கதவை இழுத்து மூடும் முன்னால், எங்க ஊர்ப் பொம்மைப் பெட்டியை ஒரு தரம் நினைச்சுக்குங்க. உடைஞ்சா வேற வாங்கலாம்கிற பொருளுக்கே அவங்க அவ்வளவு பத்திரம் பண்றாங்க. நாம ஏத்திக்கிட்டுப் போறது அப்படிப்பட்ட பொருளா, சொல்லுங்க?