இயந்திரத்துக்குச் சாதி தெரியாதாம்

பல்கலைக்கழகத் தங்கை ஒருத்தியின் ரெஸ்யூமைத் திருத்தினேன். மென்பொருள் தடுமாறாமல் படிக்க வேண்டுமே என்று அட்டவணையையும் படத்தையும் நீக்கி, வேலை விளம்பரத்தின் சொற்களையே திறன்களில் சேர்த்தோம்.

"அக்கா, அம்பேத்கர் வாசகர் வட்டச் செயலாளர்னு இருக்கே, எடுத்துடவா?"

2007இல் வெளியான ஆய்வொன்றில், தோரட்டும் அட்டவெல்லும் ஒரே தகுதிக்குப் பெயரை மட்டும் மாற்றித் தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பியிருந்தார்கள். தலித் பெயர்களுக்கு அழைப்பு குறைவு. அப்படி ஆளெடுத்த பழைய கோப்புகளில் பாடம் படிக்கும் இயந்திரம் வேறெதைக் கற்கும்? அமேசான் சோதித்த மென்பொருள், 'பெண்கள்' என்ற சொல் இருந்தாலே மதிப்பெண் குறைத்தது என்று 2018இல் செய்தி வந்தது.

'எடுத்துவிடு' என்று வாய்வரை வந்தது. தனியாரில் இடஒதுக்கீடும் இல்லை; அவளுக்கு வேலை வேண்டும். கடைசியில் அவளே, "இருக்கட்டும்க்கா" என்று, நடத்திய கூட்டங்களின் எண்ணிக்கையையும் பக்கத்தில் எழுதினாள்.

இன்னும் அழைப்பு வரவில்லை.